மார்க் ட்வெயினை வீழ்த்திய அச்சுக்கோப்பு இயந்திரம்

1990 களின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்தபோது, நான் பணிபுரிந்த அச்சகத்தில் செய்திகள் கையாலேயே கோக்கப்பட்டன. ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவதைவிட, அச்சடித்து முடிந்த பின்னர் அவற்றைப் பிரித்து உரிய அறைகளில் மீளப் போடுவதே அச்சுக்கோப்பாளர்களுக்கு அலுப்பூட்டும் வேலையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் போட்டியிட்ட இரு இயந்திரங்களின் தலைவிதியிலும் இந்தப் பிரித்துப் போடும் வேலைக்குப் பெரும் பங்கு இருந்தது.

முதலாவது, ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஜேம்ஸ் பேஜ் உருவாக்கியது. மனிதன் செய்வது அனைத்தையும் அது செய்தது. எழுத்தைக் கோத்தது, வரியின் இடைவெளிகளைச் சரிசெய்தது, பயன்படுத்திய எழுத்துகளைத் தானே பிரித்தும் போட்டது. அதற்கு விலையாக, ஏறத்தாழ 18,000 உறுப்புகள் அதற்குள் இருந்தன. இளமையில் அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் மார்க் ட்வெயின், 1880 முதல் இதிற் பணத்தைக் கொட்டலானார். 1889 ஜனவரி 5 ஆம் திகதி, இயந்திரமே ஒழுங்குபடுத்திய முதல் வரியைக் கண்ட பூரிப்பை அவர் தமது குறிப்பேட்டில் நேரத்துடன் பதிந்து வைத்தார். பார்க்க வந்தோரும் வியந்தனர். ஆனால் பேஜ் பூரணத்துவத்தின் அடிமை. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னரும் இயந்திரத்தைக் கழற்றி மேலும் திருத்த முனைந்தார். ட்வெயினின் பணமும் காலமும் கரைந்தன.

ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஒட்மார் மெர்கெந்தாலர், பிரித்துப் போடும் வேலையையே ஒழித்துவிட்டார். அவரது லைனோடைப்பில் விசையை அழுத்தினால் ஈய எழுத்து வராது. எழுத்தின் பள்ளம் பதிந்த பித்தளை வார்ப்பச்சு வரும். வரி நிரம்பியதும் உருகிய ஈயக் கலவை அதனுள் பாய்ந்து, முழுவரியும் ஒரே துண்டாக வார்க்கப்படும். வார்ப்பச்சுகள் மட்டும் தத்தம் இடத்துக்குத் திரும்பும். அச்சடித்த ஈயத்தை மீண்டும் உருக்கிவிட்டால் போதும்.

1886 யூலை 3 ஆம் திகதி ‘நியூயோர்க் ட்ரிபியூன்’ அலுவலகத்தில் இது செய்து காட்டப்பட்டது. ஆனால் அங்கு கூடியிருந்த பத்திரிகை அதிபர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். ட்ரிபியூனின் வைட்லோ ரீட் போன்றோர் முதலீட்டாளர்களாகவும் வாடிக்கையாளர்களாகவும் இருந்தனர். இயந்திரத்தை இன்னும் திருத்த வேண்டுமென மெர்கெந்தாலர் மன்றாட, இவர்களோ உற்பத்தியைத் தொடங்குமாறு நெருக்கினர். பேஜுக்கு அப்படி நெருக்க யாரும் வாய்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும் மெர்கெந்தாலருக்கு இழைக்கப்பட்டது நியாயம் என்று சொல்லமாட்டேன். மனங்கசந்து 1888 இல் விலகிய அவர், 1899 இல் காசநோயினால் 45 வயதில் மறைந்தார்.

விற்பனைக்கு இன்னொரு தடை இருந்தது. ஒரு காட்சிக்கு ஒரு தொகுதி வார்ப்பச்சு போதும்; நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்கு எண்ணற்றவை தேவை. ஒவ்வோர் எழுத்தின் உருவத்தையும் உருக்கில் கையால் செதுக்கிப் பித்தளையில் அறைந்து பதிக்க வேண்டியிருந்தது. உருக்கு உடைந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லின் பாய்ட் பென்டன் வேறு நோக்கத்துக்காகச் செய்து 1885 இல் காப்புரிமை பெற்ற செதுக்கு இயந்திரமே இம்முடிச்சை அவிழ்த்தது. இதைப் பலர் சொல்லாமலே கடந்து விடுகின்றனர். 1890 இல் திருத்திய லைனோடைப்பும் வந்தது.

1894 இல் ‘சிக்காகோ ஹெரால்ட்’ பத்திரிகையில் பேஜின் இயந்திரம் இறுதிப் பரீட்சைக்கு நின்றது. அங்கே ஏற்கெனவே 32 லைனோடைப்புகள் இயங்கிக்கொண்டிருந்தன. ஓடியபோது அவற்றுள் எதனையும்விட அது அதிகம் கோத்தது. ஆனால் அடிக்கடி நின்றது. நின்றால் திருத்தக்கூடியவர் பேஜ் போன்ற ஓரிருவரே. அச்சுக்கூடமோ இரவில் நேரத்துடன் போராடும் இடம். பேஜின் இயந்திரங்கள் இரண்டு மட்டுமே உருவாகியிருந்த நிலையில் முயற்சி கைவிடப்பட்டது.

ட்வெயின் இழந்தது இரண்டு முதல் மூன்று இலட்சம் டொலர் வரை எனக் கணிக்கப்படுகின்றது. அதே 1894 இல் அவரது பதிப்பகமும் முறிந்தது. கடனடைக்க உலகெங்கும் சொற்பொழிவாற்றப் புறப்பட்டவர், 1896 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்திலும் வந்திறங்கினார். எஞ்சிய ஒரேயொரு பேஜ் இயந்திரம், ஹார்ட்ஃபோர்டில் அவர் வாழ்ந்த இல்லத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.