அடித்த கையும் கணக்குப் புத்தகமும்

பறை அடிக்கிறவனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு நாள் கூலி, கொஞ்சம் சாராயம், துண்டில் விழுகிற சில்லறை. நம்ம சனத்துக்குத் தெரிந்த கணக்கு இதுதான். அவன் அடித்த அடி சினிமாவிலும் கேசட்டிலும் ஏறி லட்சமாகப் புரண்டாலும் அவன் கணக்கு மாறுவதில்லை. அந்தக் கணக்கை மாற்றிக் காட்டிய கறுப்பின மேளக்காரர் ஒருவரின் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ளணும். அவர் பெயர் மாரிஸ் ஒயிட்.

அதற்கு முன் ஒரு விஷயம். 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டு கலகத்துக்குக் கிளம்பினார்கள். 1740இல் ஆண்டைகள் சட்டம் போட்டு அடிமைகளின் மேளத்தைத் தடை செய்தார்கள். அங்கே மேளத்தைத் தொடாதே என்றார்கள். இங்கே மேளம் அடித்தே ஆகணும், சாவுக்கும் அடி, செத்த மாட்டையும் தூக்கு என்றார்கள். தடையும் கட்டாயமும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன. அவனவன் மேளம் அவனவன் வசம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாரிஸ் ஒயிட் 1941இல் மெம்ஃபிஸ் நகரில் பிறந்தார். கறுப்பர்க்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய் என்றிருந்த ஊர். தாய் சிகாகோ போய்விட, ஏழைகளின் அரசுக் குடியிருப்பில் ஒரு மூதாட்டி வளர்த்தார். பிறகு அவரும் சிகாகோ போனார், இசை படித்தார். 1960களின் தொடக்கத்தில் செஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் டிரம்ஸ் வாசிக்கிற வேலை கிடைத்தது. முதலாளிகள் வெள்ளையர்களான செஸ் சகோதரர்கள். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள்.

1965இல் ஃபாண்டெல்லா பாஸ் பாடிய 'ரெஸ்க்யூ மீ' நாடெங்கும் ஒலித்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் மாரிஸ். வாசித்தவன் பெயரை இசைத்தட்டில் போடுகிற வழக்கமே அன்று இல்லை. பாடிய பாஸ் அம்மையாரே பாட்டை எழுதியதில் தனக்கும் பங்குண்டு, அதை மறைத்துவிட்டார்கள் என்று பல வருஷம் வழக்காட வேண்டியிருந்தது.

மாரிஸ் அங்கே கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. மைக்கை எங்கே வைக்கிறான், எந்த வாத்தியத்தை ஏற்றி எதை இறக்குகிறான், காகிதத்தில் யார் கையெழுத்துப் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இசைக் கோர்ப்பாளர் சார்லஸ் ஸ்டெப்னியின் நட்பும் அங்கேதான் கிடைத்தது. 1966 முதல் 1969 வரை ராம்சே லூயிஸ் குழுவில் வாசித்தார். கலிம்பா என்கிற ஆப்பிரிக்கக் கட்டைவிரல் வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். பிறகு 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' என்று சொந்தக் குழு கட்டினார்.

1975இல் அவர் ஸ்டெப்னியோடு சேர்ந்து உருவாக்கிய இசைத்தட்டும் அதிலுள்ள 'ஷைனிங் ஸ்டார்' பாட்டும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. இசைத்தட்டுத் தயாரிப்புக்காகச் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அதற்கு வைத்த பெயர் கலிம்பா. நம்மில் ஒருவர் கம்பெனி ஆரம்பித்துப் 'பறை' என்று போர்டு மாட்டுவது போல. அவர் தயாரிப்பில் மூன்று சகோதரிகளின் 'எமோஷன்ஸ்' குழு பாடிய 'பெஸ்ட் ஆஃப் மை லவ்' 1977இல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. தான் ஒருகாலத்தில் பக்கவாத்தியம் வாசித்த ராம்சே லூயிஸின் 'சன் காடஸ்' பாட்டுக்கும் 1974இல் தயாரிப்பாளர் அவரே. 1978இல் ஏஆர்சி என்று சொந்த லேபிளும் வந்தது. ஆனால் விநியோகம் கொலம்பியா என்கிற பெருங் கம்பெனி கையில்தான். 1980களில் அந்த லேபிள் நின்றுபோனது. கதவைத் திறந்து உள்ளே போனாலும் கட்டடம் வேறொருவனுடையது என்பதையும் சேர்த்தே சொல்லணும். 2016இல் அவர் இறந்தார்.

நம்ம பக்கம் திரும்பலாம். காளவாசலுக்குப் பக்கத்தில், அரசரடி இறையியல் கல்லூரியில், பரட்டை என்று நாம் அழைத்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) கிராமிய இசையிலேயே வழிபாட்டை அமைத்துப் பறைக்கு உள்ளே இடம் கொடுத்தார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரன் குரலில் சேரி சேரியாகப் போனது. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இழிவு என்று சொன்ன தோலை நம்மவர்கள் ஆயுதமாக்கிவிட்டார்கள். அது பெரிய வெற்றி.

ஆனால் கணக்குப் புத்தகம்? தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை வைத்து அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் உலகம் சுற்றியது. அதிலிருந்து எங்கள் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கதியே இது என்றால், தேனி ரோட்டில் சாவுக்கு அடிக்கப் போகிறவன் அடியை எவனோ செல்போனில் பிடித்து விற்றால் யார் கேட்பது?

"அடிக்க மாட்டோம்" என்று சொன்னது முதல் போராட்டம். "எங்கள் மேடையில் நாங்கள் அடிப்போம்" என்றது இரண்டாவது. "அடித்த அடியின் பதிவு எங்களுடையது" என்பது மூன்றாவது. நம்ம பிள்ளைகள் பறையோடு சேர்த்து ஒலிப்பதிவையும் படிக்கட்டும், ஒப்பந்தக் காகிதத்தையும் படிக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்கட்டும்.