வண்டி எப்போது புறப்பட வேண்டும்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சிவகாசிப் பக்கம் போயிருக்கிறீர்களா? 'பட்டாசை வாங்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்' என்று மதுரையிலிருந்து சாவகாசமாகப் பத்து மணிக்குக் கிளம்பியவர், நடுரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். விடியற்காலையிலேயே போன புத்திசாலி, டிக்கி நிறையப் பட்டாசோடு எதிரே திரும்பி வந்துகொண்டிருப்பார்!

ரொம்பப் பழைய தலைவலி இது. கி.மு. 45-வாக்கில் ரோம் நகரத்தில் ஜூலியஸ் சீஸர் ஒரு சட்டம் போட்டார். சூரியன் உதித்ததிலிருந்து பிற்பகல் வரை பாரவண்டிகள் நகரத்துக்குள் வரக்கூடாது. கோயில் கட்டும் கல், மரம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பகலில் ஜனங்கள் நடக்க இடம் கிடைத்தது. ஆனால், ராத்திரி முழுக்கச் சக்கரங்கள் கடகடத்ததில் தூக்கம் போச்சு!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டின் ராமநாதபுரம் சீமை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வடக்கே வந்த நாடார் வியாபாரிகள் கருப்பட்டி, உப்பு, கருவாடு என்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். இவர்களுக்கு ரோட்டில் நெரிசல் பயமில்லை. பயமே ஆள் இல்லாத ரோடுதான். பகலில் கிளம்பினால் வெயிலில் மாடு நாக்குத் தள்ளும். ராத்திரி கிளம்பினால் மாட்டுக்கு சுகம், வழிப்பறிக்காரனுக்கும் சுகம். எப்போதுதான் வண்டியைப் பூட்டுவது?

தனியாகப் போகாதே, பத்து இருபது வண்டி சேர்ந்து போ என்பது முதல் பதில். ஆனால், பொழுது சாய்ந்தால் எங்கே அவிழ்ப்பது? இவர்கள் நினைத்த இடத்தில் தங்கிவிட முடியாது. கோயில், கிணறு, தெரு என்று எல்லாவற்றிலும் ஜாதி குறுக்கே நின்ற காலம். (அந்தப் பகை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு, 1899-ல் சிவகாசி தாக்கப்பட்டதே சாட்சி.) எனவே, தங்களுக்கென்று சொந்தமாக இடம் கட்டினார்கள். அதுதான் பேட்டை!

மதில் சுவர், பெரிய கதவு. உள்ளே வண்டி, மாடு, மூட்டை, மனுஷன் எல்லாம் பத்திரம். ஒரு வண்டி ஒரு நாளில் போகக்கூடிய தூரத்துக்கு ஒரு பேட்டை. சிவகாசி, விருதுபட்டி (1923-ல்தான் விருதுநகர் ஆனது), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் இவர்கள் காலூன்றியது இப்படித்தான். வரைபடத்தைப் பாருங்கள்... விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர். சிவகாசி இன்னும் கொஞ்சம் கூட. மாடு நடக்கிற நடைக்கு அளவெடுத்த மாதிரி இல்லை?

எப்போது கிளம்புவது என்ற கேள்வி இப்போது சுலபமாகிவிட்டது. இருட்டுவதற்குள் அடுத்த பேட்டையின் கதவுக்குள் நுழைய வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் நேரம் வந்துவிடும்!

இதற்கெல்லாம் செலவு யார் கொடுப்பது? சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகளே தங்கள் மேல் விதித்துக்கொண்ட வரி... அதற்குப் பெயர் மகமை. காமர்ஸ் படித்த எனக்கு இது இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரித்தான் தெரிகிறது. ஒரே வித்தியாசம், கம்பெனியும் இவர்களே, பாலிசிதாரரும் இவர்களே.

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு விருதுபட்டி வழியாக ரயில் வந்தது. புறப்படும் நேரத்தை இனி ரயில்வேக்காரர் அச்சடித்துக் கொடுப்பார். மூட்டைகள் மெள்ள மெள்ள வண்டியிலிருந்து வேகனுக்கு மாறின. வழித்துணைக்காக ஆரம்பித்த மகமை மட்டும் நிற்கவில்லை. 1889-ல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலா என்ற பள்ளிக்கூடம் எழுந்தது. மகமைப் பணத்தோடு, வீட்டுக்கு வீடு சமைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியும் சேர்ந்து நடத்திய பள்ளி. பையன்களுக்கு ஃபீஸ் கிடையாது. 1903-ல் பிறந்த காமராஜர் என்ற பையன் கொஞ்ச காலம் படித்தது அங்கேதான்.