பாமினியை நீக்கினால் எது மிஞ்சும்?

பழைய லப்டொப் ஒன்று கைக்கு வந்தால் நாங்கள் முதலில் செய்கிற வேலை, தேவையில்லாததை எல்லாம் தூக்குவது. டெஸ்க்டொப் ஐகனை அழித்தால் மென்பொருள் போகாது. முறைப்படி 'அன்இன்ஸ்டோல்' செய்தாலும் சில கோப்புறைகளும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளும் பின்தங்கும். அதையும் துடைத்தால் முடிந்தது என்று நினைப்போம். பழைய தமிழ் எழுத்துருக்களின் மிச்சமோ எங்கட கோப்புகளுக்குள்ளேயே கிடக்கும்.

கந்தளாய் மாதிரி இரண்டு மொழியும் புழங்குகிற ஊரில், தட்டச்சுக் கடைக்காரருக்கு சிங்கள வேலைக்கு எஃப்எம் அபய, தமிழ் வேலைக்கு பாமினி. இரண்டும் ஒரே தந்திரம்தான்: ஆங்கில எழுத்தின் இடத்தில் எங்கள் எழுத்தின் படத்தை வைப்பது. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவைத் தூக்கினால் அம்மாவும் போய், இந்த ஐந்தும்தான் திரையில் நிற்கும்.

யுனிகோட் 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. அதில் 'அ'வுக்கு 2949 என்ற எண். அது வேறெந்த மொழிக்கும் சொந்தமில்லை. பிறகு ஏன் பாமினி இவ்வளவு காலம் நின்றது? விண்டோஸில் யுனிகோட் தமிழ் வந்தது விண்டோஸ் 2000 உடன்தான். அதற்குப் பிறகும் கடைகளில் பழைய கணினிகள் ஓடின. அச்சகங்களில் இருந்த பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தமிழ் தெரியாது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரமான எஸ்எல்எஸ் 1326 வெளிவந்ததே 2008இல்.

இடைப்பட்ட அந்த வருடங்கள் போரும் 2004 சுனாமியும் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட வருடங்கள். அப்போது பாமினியில் தட்டிய ஒரு சங்கக் கூட்டக் குறிப்போ, பாடசாலை மலரோ, காணிக் கடிதமோ இன்றைக்கு ஒரு பழைய சீடியில் கிடக்கலாம். தேடுபொறியில் தமிழில் தேடினால் அது அகப்படாது. திறந்து பார்க்கிறவருக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. 'வைரஸ் பிடிச்ச ஃபைல்' என்று யாராவது அழித்துவிட்டால் கதை முடிந்தது.

எழுத்துரு போனதால் மட்டும் எழுத்து அழிவதில்லை. பாமினியைத் திரும்பப் போட்டால் வாசிக்கலாம். பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் ஒட்டினால் யுனிகோடாக எடுக்கலாம். ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் கோப்புகளைத் திறந்து பாருங்கள், மாற்றுங்கள், ஊர் பெயரும் வருடமும் போட்டுச் சேமியுங்கள். மூலப் பிரதியையும் வைத்திருங்கள். அதுக்குப் பிறகு பாமினியைத் தாராளமாகத் தூக்கலாம்.