ரெண்டு போனா ஒண்ணு இறங்கு

பழைய வீடியோ கேம்களில் எல்லாரும் ஹீரோவைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அவனுக்குப் பின்னாடி நிற்கிற வேலியை. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு :-)

1980-களின் நடுவில் ஜப்பானிய சண்டை கேம்கள் தெருவுக்கு இறங்கின. 1986-ல் டெக்னோஸ் நிறுவனத்தில் யோஷிஹிசா கிஷிமோட்டோ உருவாக்கிய குனியோ-குன், ரயில்வே பிளாட்பாரத்தில் ஆரம்பிக்கிற அடிதடி. 1987-ல் அவருடைய டபுள் டிராகன். இதிலெல்லாம் ஆள் இடம், வலம் நடந்தால் மட்டும் போதாது. திரைக்கு உள்பக்கமாகவும் போகணும். அப்போ தரைக்கு ஆழம் வேணும். ஆழத்தைக் காட்ட லேசான வழி, ஒரு சுவரையோ வேலியையோ சாய்வாக ஓடவிடுவது.

சரி, எவ்வளவு சாய்வு? இங்கேதான் விஷயம்.

1983-ல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமை எடுத்துக்குவோம். திரை 256-க்கு 240 புள்ளி. பின்னணி முழுக்க 8-க்கு 8 புள்ளி கொண்ட டைல்கள். மொத்தம் 960 கட்டம். அதை நிரப்ப ஒரு நேரத்தில் பொதுவாக 256 விதமான டைல்கள்தான் கிடைக்கும். கட்டடம், ஜன்னல், ரோடு, எழுத்து எல்லாம் அதுக்குள்ளேயே.

30 டிகிரியில் ஒரு கோடு போட்டால் படிகள் ஒழுங்காக வராது. சில படி ரெண்டு புள்ளி, சில படி ஒண்ணு. எத்தனை டைல் தாண்டினாலும் கோடு மறுபடி அதே மூலையில் வந்து உட்காராது. ரெண்டு புள்ளி போய் ஒரு புள்ளி இறங்கினால், சுமார் 26.6 டிகிரி. ரெண்டு டைல் அகலத்தில் சரியாக ஒரு டைல் இறங்கும். அந்த ரெண்டு டைலையே திரும்பத் திரும்ப அடுக்கி முழு தெருவுக்கும் கோடு இழுக்கலாம். அந்தச் சாய்வு கண்ணுக்காக மட்டும் வந்ததில்லை, மெமரிக்காகவும் வந்தது.

கம்பி வலை வேலி இன்னும் பெரிய தலைவலி. ஃபேமிகாமில் பின்னணிக்கு ஒரே அடுக்குதான். வலையின் ஓட்டை வழியே தெரிகிற வானமும் வேலியும் ஒரே டைலில் வரணும். பின்னால் வானம் போய் கட்டடம் வந்தால் வேறு டைல். போதாததுக்கு, 16-க்கு 16 புள்ளி பரப்புக்கு நாலு நிறம்தான். சாய்ந்த வேலியோ அந்த எல்லைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அதனால் வேலிக்குப் பின்னால் ஒரே நிறமாக விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

1988-ல் வந்த சேகா மெகா டிரைவில் ரெண்டு அடுக்கு. வேலி முன்னால், ஊர் பின்னால், ரெண்டும் வேறு வேறு வேகத்தில் நகரும். அப்புறம்தான் வலை வழியே நகரம் நிம்மதியாகத் தெரிந்தது.

வரைந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. நேராக நிற்கும் வலையை வரைந்துகொண்டு, ரெண்டு நெடுவரிசைக்கு ஒரு புள்ளி வீதம் கீழே தள்ளிக்கொண்டே போங்க. தூண் செங்குத்தாகவே நிற்கும். வலையின் ஒரு பக்கக் கம்பி இன்னும் நிமிர்ந்துக்கும், மறுபக்கக் கம்பி படுத்துக்கும். இந்த வித்தியாசத்தை விட்டுட்டு ரெண்டையும் ஒரே சாய்வில் போட்டால், வேலி சாயாது. தட்டையாகத்தான் நிற்கும்.

அந்தக் கால ஜப்பானிய கேம்கள் பலவற்றில் வரைந்தவர்களின் நிஜப் பெயர் வராது, பட்டப்பெயர்தான். அதனால் இந்த வேலிகளில் பலவற்றை யார் வரைந்தார்கள் என்று தெரியாது. ஆனால் எங்கே டைலை மிச்சம் பிடித்தார்கள், எந்த மூலையில் ஒரு நிறத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பது புள்ளி புள்ளியாக இன்றைக்கும் அங்கேயே இருக்கு. அடுத்த முறை விளையாடும்போது ஒரு நிமிஷம் அடிதடியை நிறுத்திட்டு பின்னாடி பாருங்க.