சட்டக் கல்லூரி வாயிலில் நின்ற மாணாக்கர்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என எழுதிவைத்தல் எளிது. அச்சட்டத்தைக் கற்கவும், மன்றில் எழுந்து வாதிடவும், நீதியாசனத்தில் அமரவும் ஓரினத்தார்க்கு வாயில் அடைபட்டிருக்குமாயின் அவ்வெழுத்தினாற் பயன் யாது? அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இவ்வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது. விடை தேடி வழக்காடியோருட் பலர் மாணாக்கராயிருந்தமை கருதற்பாலது.

அந்நாட்டில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. 1868ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியல் யாப்பின் பதினான்காந் திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பை யாவர்க்கும் உறுதிசெய்தது. எனினும், 1896ஆம் ஆண்டில், பிளெசி என்பாரின் வழக்கில், வசதிகள் சமமாயின் இனத்தாற் பிரித்துவைத்தல் யாப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஹார்லன் ஒருவரே மறுத்துரைத்தார். அதன்பின் தென் மாநிலங்களிற் பிரிவு நடைமுறையாயிற்று. சமத்துவம் ஏட்டளவில் நின்றது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் சாள்ஸ் ஹமில்டன் ஹியூஸ்டன். ஹார்வார்டிற் சட்டம் பயின்ற அவர், 1929ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்து ஹோவார்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். மாலை வகுப்புக்களை நீக்கி, முழுநேரக் கல்வியைக் கடுமையான ஒழுங்குடன் நிலைநாட்டினார். சமுதாயத்தைச் சீரமைக்காத சட்டத்தரணி அதற்குச் சுமையே என்பது அவர் கொள்கை. அவரிடம் பயின்று 1933ஆம் ஆண்டில் முதல் மாணாக்கனாய்த் தேறியவர் தேர்குட் மார்ஷல். மார்ஷலின் சொந்த மாநிலமாகிய மேரிலண்டின் சட்டக் கல்லூரி அக்காலத்திற் கறுப்பினத்தாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆசிரியரும் மாணாக்கரும் கூடி வாதாடி, 1935ஆம் ஆண்டில் டொனால்ட் மறே என்னும் இளைஞருக்காக அக்கல்லூரியின் வாயிலைத் திறப்பித்தனர்.

அவர்கள் சட்டக் கல்லூரிகளை முதலிற் குறிவைத்தமைக்குக் காரணமுண்டு. தென் மாநில அரசுகள் கறுப்பினத்தார்க்குச் சட்டக் கல்வி அளிப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டிருந்தன. இல்லாத ஒன்றைச் சமமென வாதிடல் இயலாது. மிசூரி மாநிலம், லொயிட் கெயின்ஸ் என்னும் பட்டதாரிக்கு அயல் மாநிலத்திற் கற்கக் கட்டணம் தருவதாகக் கூறிற்று. தன் எல்லைக்குள்ளேயே சமமான கல்வி அளித்தல் மாநிலத்தின் கடன் என 1938ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் விதித்தது. ஆயினும் 1939ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரிற் காணாமற்போன கெயின்ஸ் மீளவேயில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு 1946ஆம் ஆண்டில் விண்ணப்பித்த ஹீமன் சுவெட் என்னும் தபாற் சேவகரும் மறுக்கப்பட்டார். வழக்கு எழவே மாநிலம் விரைந்து தனிக் கல்லூரியொன்றை அமைத்தது. பழைய கல்லூரியில் 850 மாணாக்கரும் 65,000 நூல்களும் இருந்தன. புதியதில் 23 மாணாக்கரும் 16,500 நூல்களுமே இருந்தன. 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவ்வெண்ணிக்கையோடு நிற்கவில்லை. மாநிலத்து மக்களுள் நூற்றுக்கு 85 பேரும், சட்டத்தரணிகள், சாட்சிகள், யூரிமார், நீதிபதிகள் ஆகியோருட் பெரும்பாலாரும் அடங்கிய இனத்தாரை விலக்கிவைத்த இடத்திற் சட்டக் கல்வி நிறைவுறாது என நீதிமன்றம் கண்டது.

1951ஆம் ஆண்டில் வேர்ஜீனியாவின் பாம்வில் ஊரிற் பதினாறு வயது மாணவி பார்பரா ஜோன்ஸ் தம் பாடசாலையின் இழிநிலையை எதிர்த்துச் சக மாணாக்கரை வெளிநடப்புச் செய்வித்தார். அதிலெழுந்த வழக்கும் சேர்ந்தே 1954ஆம் ஆண்டின் பிரவுண் தீர்ப்பாயிற்று. பாடசாலைகளில் இனப் பிரிவினை யாப்புக்கு முரணென அன்று ஒருமனதாய் முடிவாயிற்று. அவ்வழக்கில் வாதாடிய மார்ஷல் 1967ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசரானார். கறுப்பினப் பெண்ணொருவர், கெற்றாஞ்சி பிரவுண் ஜக்சன், அவ்வாசனத்தில் அமர 2022ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. மறு ஆண்டில், பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருதுதல் அதே பதினான்காந் திருத்தத்துக்கு மாறானதென அந்நீதிமன்றம் பெரும்பான்மையால் தீர்த்தது. ஜக்சன் அதனை மறுத்தெழுதினார். சமத்துவம் என்னும் சொல்லின் பொருள் பற்றிய வழக்கு முடிந்தபாடில்லை.

வென்ற சுவெட், நோயாலும் மனச்சுமையாலும் 1952ஆம் ஆண்டிற் பட்டம் பெறாமலே கல்லூரியை நீங்கினார். 2005ஆம் ஆண்டில் ஆஸ்டின் நகரத்து நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் திறந்த வாயிலால் நுழைந்து சட்டத்தரணிகளானவர் பலர்.