ஏலக்காயும் உயர் இரத்த அழுத்தமும்

ஏலக்காயும் உயர் இரத்த அழுத்தமும் என்னும் இக்கட்டுரை, உயர் இரத்த அழுத்தம் என்னும் நாட்பட்ட நோய் குறித்தும், அதனைக் குறைக்க ஏலக்காய் போன்ற இயற்கைப் பொருட்களும் உணவும் எந்த அளவுக்கு உதவும் என்பது குறித்தும், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர், ஏலமலைப் பகுதிகளின் வாழ்க்கைச் சூழலோடு சேர்த்து விளக்குகிறது. போடிநாயக்கனூர் இந்தியாவின் முக்கியமான ஏலக்காய் வணிக நகரங்களுள் ஒன்றாகும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் இங்கு இயங்குகிறது.

இரத்த அழுத்தம்

இதயம் செலுத்தும் இரத்தம் தமனிச் சுவர்களின் மீது ஏற்படுத்தும் அழுத்தமே இரத்த அழுத்தம் ஆகும். இது இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண்ணாகவும், விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் எண்ணாகவும் எழுதப்படும். அலகு மில்லிமீட்டர் பாதரசம் ஆகும்.

வெவ்வேறு நாட்களில் அளக்கும்போது மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாகவோ இருப்பின் அது உயர் இரத்த அழுத்தம் என உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. 2017 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க வழிகாட்டி நெறிகள் இந்த எல்லையை 130/80 எனக் குறைத்தன.

இரத்த அழுத்தம் இரண்டு காரணிகளைச் சார்ந்துள்ளது. ஒன்று, இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு. மற்றொன்று, சிறு தமனிகள் அந்த ஓட்டத்திற்குக் காட்டும் தடை. உப்பு மிகும்போது உடலில் நீர் தங்கி முதலாவது கூடுகிறது. தமனிகள் இறுகும்போது இரண்டாவது கூடுகிறது. பெரும்பாலான நோயாளிகளில் தனியான ஒரு காரணத்தைச் சுட்ட இயலாது. மரபு, வயது, உப்பு, உடற்பருமன், மது, உடலுழைப்பின்மை ஆகியவை சேர்ந்தே இதனை உருவாக்குகின்றன. சிலருக்குச் சிறுநீரக நோய், நாளமில்லாச் சுரப்பிக் கோளாறு போன்றவை காரணமாக அமையும்.

அளவீட்டின் வரலாறு

1733 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஸ்டீவன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் குழாயைப் பொருத்தி இரத்தம் எழும் உயரத்தை அளந்த செய்தியை வெளியிட்டார். 1896 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, மேற்கையில் சுற்றும் காற்றுப்பட்டையை அறிமுகப்படுத்தினார். 1905 ஆம் ஆண்டில் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ், காற்றுப்பட்டைக்குக் கீழே கேட்கும் ஒலிகளைக் கொண்டு இரண்டு எண்களையும் அறியும் முறையைக் கண்டார்.

அறிகுறியற்ற நோய்

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலியோ தலைச்சுற்றலோ இல்லை என்பதால் அழுத்தம் சரியாக உள்ளது எனக் கொள்ள முடியாது. அளந்து பார்ப்பதே அறியும் வழி. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் சுமார் 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். இந்தியாவில் 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 விழுக்காட்டினரும் ஆண்களில் 24 விழுக்காட்டினரும் அழுத்தம் மிகுந்தோ, அதற்கான மருந்து உட்கொண்டோ இருந்தனர்.

கவனிக்காமல் விடப்படும் உயர் அழுத்தம் பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பார்வை இழப்பு ஆகியவற்றுக்கு வழிவகுக்கிறது.

ஏலமலைத் தொழிலாளரும் இந்நோயும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைச்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. தேனி மாவட்டத்தின் அடிவார ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் அதிகாலையில் ஜீப்புகளில் ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். சிலர் தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்கின்றனர்.

உடலுழைப்பு மிக்கவர்களுக்கு இரத்த அழுத்தம் வராது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2002 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 30 வயதுக்கு மேற்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. தேநீரில் உப்பிட்டுக் குடிக்கும் வழக்கம், மது, புகையிலை ஆகியவற்றோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. உழைப்பு நன்மை தருவதே. எனினும் உப்பும் புகையிலையும் செய்யும் தீங்கை அது முழுமையாக ஈடுசெய்வதில்லை.

உடல்வலிக்காக மருந்துக்கடையில் வாங்கி அடிக்கடி உட்கொள்ளும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளும் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. அவை சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

ஏலக்காயின் பயன்

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. இதன் தாவரவியல் பெயர் எலட்டேரியா கார்டமோமம் என்பதாகும். 2009 ஆம் ஆண்டில் ராஜஸ்தானின் உதய்ப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், புதிதாக முதல்நிலை உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்ட 20 பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் ஏலக்காய்த் தூளை 12 வாரங்கள் கொடுத்தனர். அவர்களின் இரத்த அழுத்தம் குறைந்தது என ஆய்வறிக்கை கூறுகிறது.

இம்முடிவைப் பயன்படுத்தும்போது மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

1. 20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. 12 வாரங்கள் என்பது குறுகிய காலம். மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததா என்பதை இத்தகைய ஆய்வு காட்டாது.
2. 3 கிராம் தூள் என்பது தேநீரிலோ பாயசத்திலோ தட்டிப்போடும் ஓரிரு காய்களைவிடப் பல மடங்கு மிகுதி.
3. ஆய்வில் இருந்தவர்கள் தொடக்க நிலையினர். அழுத்தம் மிகவும் உயர்ந்தவர்களுக்கு இம்முடிவு பொருந்தும் எனக் கூற இயலாது.

எனவே ஏலக்காய் உணவில் சேர்க்கத்தக்க நல்ல நறுமணப் பொருள். ஆனால் மாத்திரைக்கு மாற்று அன்று.

சர்ப்பகந்தி தரும் பாடம்

இயற்கைப் பொருளிலிருந்து உண்மையான இரத்த அழுத்த மருந்து பிறந்ததும் உண்டு. இந்திய மரபு மருத்துவத்தில் பயன்பட்ட சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக 1931 ஆம் ஆண்டில் சென், போஸ் ஆகியோர் எழுதினர். 1949 ஆம் ஆண்டில் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், நோயாளிகளிடம் கண்ட விளைவுகளைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அது உலகெங்கும் பயன்பட்டது. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகள் கருதியும், மேலான மருந்துகள் வந்ததாலும் அதன் பயன்பாடு பின்னர் மிகவும் குறைந்தது. மூலிகையாயினும் அதற்கும் அளவும் பக்கவிளைவும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

இருமலுக்குப் பயன்படும் அதிமதுரம் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் அது பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்திவிடும்.

இதய நலம் காக்கும் வழிகள்

உப்பு: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடங்கும். மிளகு, சீரகம், புளி, எலுமிச்சை ஆகியவற்றால் சுவை கூட்டி உப்பைக் குறைக்கலாம்.

உணவு: 1997 ஆம் ஆண்டில் வெளியான டாஷ் ஆய்வு, காய்கனிகளும் கொழுப்பு குறைந்த பால்பொருட்களும் மிகுந்த உணவு சில வாரங்களிலேயே அழுத்தத்தைக் குறைப்பதைக் காட்டியது. வாழைப்பழம், கீரை, பயறு, இளநீர் ஆகியவை பொட்டாசியம் மிக்கவை. சிறுநீரக நோயுள்ளவர்கள் இவற்றை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

பழக்கங்கள்: வாரத்திற்கு 150 நிமிட விரைநடை, உடல் எடைக் குறைப்பு, மதுவையும் புகையிலையையும் விடுதல் ஆகியவை பயன் தரும்.

அளக்கும் முறை: அரை மணி நேரத்திற்கு முன்பிருந்தே காப்பி, தேநீர், புகை ஆகியவற்றைத் தவிர்த்து, சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் அளக்க வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். ஜீப்பிலிருந்து இறங்கியவுடனோ சுமையை இறக்கியவுடனோ அளந்தால் எண் மிகுதியாகக் காட்டலாம்.

மருத்துவம்

அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் பணியாளர்கள் வீட்டிற்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை வழங்குகின்றனர். 2024 ஆம் ஆண்டில் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது.

பகலில் மலைமேல் இருப்பவர்கள் இவ்வருகையைத் தவறவிட வாய்ப்புண்டு. தோட்டத்தில் தங்குபவர்கள் அந்த நாட்களுக்குரிய மாத்திரைகளையும், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டையும் உடன் எடுத்துச் செல்வது நன்று. எண் சரியாகிவிட்டது என்பது மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமே. நிறுத்தலாம் என்பதன் அடையாளம் அன்று. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் வேகமாக உயரும். குறைப்பதையோ நிறுத்துவதையோ மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

ஏலமலை
ஏலம்
சர்ப்பகந்தி
பக்கவாதம்
போடிநாயக்கனூர்