கணக்குக் கேட்ட உழைப்பாளர்

அரசின் ஏட்டில் எழுதியிருப்பதை ஏழை கேட்கலாகாது என்பதே நெடுங்காலம் ஆட்சியின் வழக்கமாக இருந்தது. 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் அதற்கு அரணாக நின்றது. அவ்வரணைத் தகர்க்க முன்வந்தோர் கூலி உழைப்பாளரே.

இராஜஸ்தானத்தில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பினர், அரசுப் பணிகளில் கூலி குறைத்துத் தரப்படுவதை எதிர்த்தனர். வருகைப் பதிவேட்டைக் கேட்டபோது, அது இரகசியம் என விடை வந்தது. 1994 முதல், கிடைத்த படிகளை ஊரார் முன் உரக்கப் படித்தனர். வேலைக்கே வராதோர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. 1996இல் பியாவர் நகரில் 40 நாட்கள் அறப்போர் நடத்தினர்.

தமிழ்நாடு 1997இலேயே தகவலறியும் சட்டம் இயற்றிற்று. விலக்குகள் மிகுந்தமையால் பயன் குன்றிற்று. நடுவணரசின் 2002ஆம் ஆண்டுச் சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை. இயக்கத்தார் ஓயாது வற்புறுத்தவே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தரல் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணம் இல்லை.

எடமலைப்பட்டி புதூர் இளைஞர்களே! நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு ஒதுக்கியது எவ்வளவு, வழங்கியது எவ்வளவு என்று நாமும் மனுவெழுதிக் கேட்கலாம். கல்வி வேலைக்கு மட்டும் அன்று. கணக்குக் கேட்பதற்கும் ஆம்.